கார்புரேட்டரும் காவிரியும்

1902ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று, காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட தொலைவு 92 மைல். கம்பியில் பாய்ந்த மின்னழுத்தம் 35,000 வோல்ட். அன்றைய உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. பாடநூல்கள் இச்செய்தியை இந்திய மின்சார வரலாற்றின் பெருமிதமான தொடக்கமாகச் சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. ஆனால் அந்நாள்வரை தங்கவயலில் ஓடிக்கொண்டிருந்த நீராவி எந்திரங்கள் கெட்டுப்போனவை அல்ல. உலகின் வளமான பொன்சுரங்கங்களுள் ஒன்றை இருபது ஆண்டுகளாக நடத்திக்காட்டிய எந்திரங்கள் அவை. ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு அன்று கிடைத்த விடை என்ன, அந்த விடையோடு சேர்ந்து வேறு எவையெல்லாம் மாறிப்போயின என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இதே கேள்வி, கைக்கடங்கிய உருவில், பழைய கார் வைத்திருப்போர் சிலருக்கு இன்றும் எழுகிறது. 1980களில் செய்யப்பட்ட சில கார்களில் கணினியால் கட்டுப்படுத்தப்படும் கார்புரேட்டர் உண்டு. அது முரண்டு பிடிக்கத் தொடங்கினால் பழுது பார்த்து அதையே வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டுக் கணினி தேவைப்படாத எளிய கார்புரேட்டர் ஒன்றைப் பொருத்துவதா? பட்டறையில் இது செலவுக் கணக்காகவே பேசப்படுகிறது. தொழில்நுட்ப வரலாற்றுக்கோ இது சார்புக் கணக்கு: ஒரு பொறி எதை நம்பி ஓடுகிறது, அதைத் திருத்தும் அறிவு எங்கே இருக்கிறது, அதன் கழிவு யார்மீது விழுகிறது. தங்கவயலின் பெரிய முடிவை விளங்கிக்கொள்ள இந்தச் சிறிய பொறியிலிருந்து தொடங்குவது உதவும். இதில் எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடிய அளவில் இருக்கின்றன.

கார்புரேட்டரின் வேலை காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்புவது. காற்று ஒரு குறுகலான கழுத்தின் வழியே விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவே மிதவைக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. எவ்வளவு பெட்ரோல் என்பதைச் சிறு துளையுள்ள பித்தளை ஜெட்டுகள் முடிவு செய்கின்றன. மின்சாரமோ கணக்கோ இதில் இல்லை. ஒரு திருப்புளியும் பழகிய காதும் இருந்தால் போதும். இந்த எளிமையே அதன் குறையும் ஆகும். மலையேற்றம், கோடை வெயில், தேய்ந்துபோன ஜெட் என எதையும் அதனால் உணர்ந்து திருத்திக்கொள்ள முடியாது. கலவை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வண்டி ஓடும், புகைதான் மாறும்.

அந்தப் புகையே பிறகு சட்டத்தின் பொருளாயிற்று. அமெரிக்காவில் 1970இல் வந்த தூய காற்றுச் சட்டத்தின் நெருக்குதலால் புகைபோக்கியில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறைக்கும் மாற்றிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தையொட்டி, மிகக் குறுகிய எல்லைக்குள் கலவை நின்றால்தான் அது மூன்றையும் செய்யும். வெறும் பித்தளைத் துளையால் அந்த எல்லைக்குள் நிற்க இயலாது. 1976இல் வோல்வோ கார்களில் போஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் உணரி வந்தது. புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து, கலவை செறிவா மெலிவா என்று அது சொன்னது. அந்தச் சொல்லைக் கேட்டுத் திருத்துவதற்குக் கார்புரேட்டருக்கு ஒரு மூளை தேவைப்பட்டது.

1981ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்கா முழுவதும் அந்த மூளையைக் கொண்டுவந்தது. அதன் ரோசெஸ்டர் கார்புரேட்டருக்குள் இருந்த ஒரு மின்காந்த ஊசி வினாடிக்கு பத்து முறை மேலும் கீழும் துடித்தது. கீழே தங்கும் நேரம் கூடினால் கலவை மெலியும். மேலே தங்கும் நேரம் கூடினால் செறியும். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நேரம் எங்கே தங்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்தது. இணைப்புக் கம்பி அறுந்தால் ஊசி மேலேயே நின்றுவிடும். வண்டி பெட்ரோலைக் குடித்துக் கருநிறப் புகை கக்கும். ஃபோர்டு, கிரைஸ்லர், ஜப்பானிய நிறுவனங்கள் ஆகியவையும் தத்தம் வகைகளைச் செய்தன. பத்தாண்டுக்குள் கதை முடிந்தது. பெட்ரோலை நேரே பீய்ச்சும் முறை மலிவாகவும் உறுதியாகவும் ஆனதும், 1990ஐ ஒட்டி அமெரிக்கப் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டரே ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஆக, கணினிக் கார்புரேட்டர் ஓர் இடைக்காலக் கருவி. பழையதன் உடலில் புதியதன் நரம்பைச் செருகிய கருவி. இடைக்காலக் கருவிகளுக்கு வாய்க்கும் தனித் துன்பம் ஒன்று உண்டு: முந்திய தலைமுறைக் கைவினைஞருக்கு அதன் கணினி புரியாது, பிந்திய தலைமுறைக்கு அதன் மிதவையும் ஜெட்டும் புரியா. உதிரி உறுப்புகள் செய்வதையும் நிறுவனங்கள் விரைவில் நிறுத்திவிடும். அதனால்தான் "கழற்றி எறிந்துவிடு" என்ற அறிவுரை அவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது.

அந்த அறிவுரையில் மறைந்திருப்பது ஒன்று உண்டு. அக்காலத்து அமெரிக்கக் கார்களில் அதே கணினிதான் பொறி பற்றும் நேரத்தையும் ஆண்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் முன்பு இருந்த எடைகளும் வெற்றிட மூடியும் நீக்கப்பட்டிருந்தன. கார்புரேட்டரை மட்டும் மாற்றிக் கணினியைத் துண்டித்தால், எஞ்சின் எவ்வேகத்தில் சுழன்றாலும் பொறி ஏறத்தாழ ஒரே நிலையில் பற்றும். வலு குறையும், வெப்பம் ஏறும். எனவே டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்ற வேண்டும். கலவை செறிவாகவே நின்றால் வினையூக்கி மாற்றி சூடேறி அழியும். ஓர் உறுப்பை மாற்றப்போய் ஓர் ஒழுங்கையே மாற்ற நேர்கிறது. பல வேளைகளில் குற்றவாளி கார்புரேட்டரும் அல்ல. வெடித்துப்போன வெற்றிடக் குழாய், வயதாகிச் சோம்பிய ஆக்சிஜன் உணரி, துருப்பிடித்த மின்தரை இணைப்பு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். இவற்றைச் சோதிக்காமல் எடுக்கப்படும் முடிவு, முடிவே அல்ல, சலிப்பு.

ஆயினும் எளிய கருவியின் பக்கமும் ஒரு வலுவான சான்று நிற்கிறது. அது தமிழர் வரலாற்றிலேயே இருக்கிறது. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெட்ரோல் தடை செய்யப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் அங்கே ஓடியவை ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர், ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய பிரித்தானியக் கார்களே. அவை ஓடியது மண்ணெண்ணெயில். சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு எஞ்சினை முடுக்கிச் சூடேற்றுவார்கள். பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே அந்தத் தொடக்கச் சூடு இன்றியமையாதது. அது எளிதில் தானே வெடித்து எஞ்சினைத் தட்டும். ஆனால் அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, அதனால் பொறுத்துக்கொண்டன. கலவையை முகர்ந்து பார்க்கும் உணரி இருந்திருந்தால் அது முதல் நாளே கரி படிந்து செத்திருக்கும். உலகம் காலாவதியானவை என்று ஒதுக்கிய கார்கள் மிதிவண்டிகளோடு சேர்ந்து ஒரு முற்றுகையைக் கடந்தது, அவற்றின் கட்டுப்பாடு முழுவதும் ஓட்டியவர் கைக்குள் இருந்ததால்தான். அந்தத் தெருக்களின் புகையைச் சுவாசித்தவர்களும் அதே மக்கள்தாம் என்பதை இதோடு சேர்த்தே எழுத வேண்டும்.

அதே தீவின் தென்பகுதியில் நேர் எதிரான நிலை. ஜப்பானிலிருந்து வந்த நிசான் சன்னி கார்களுள் ஜிஏ வரிசை எஞ்சின் கொண்ட சிலவற்றில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கார்புரேட்டர் இருந்தது. அங்கே இக்கருவியைக் காப்பதா மாற்றுவதா என்பது நூலறிவுக் கேள்வி அல்ல. அன்றாடப் பட்டறைக் கேள்வி. இந்தியாவில் இந்த இடைக்காலக் கருவி கார்களில் வேரூன்றவில்லை. உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் தலைநகர்ப் பகுதிக்கு இட்ட ஆணையைத் தொடர்ந்து, புதுக் கார்கள் எளிய கார்புரேட்டரிலிருந்து நேரே பெட்ரோல் பீய்ச்சும் முறைக்குத் தாவின. இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 நடைமுறைக்கு வரும்வரை உயிரோடிருந்தது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு தங்கவயலுக்குத் திரும்பினால், அந்த 92 மைல் கம்பி வேறுவிதமாகத் தெரியும்.

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தங்கவயலின் நிர்வாகத்தை ஏற்றபோது, கோர்ன்வால் பகுதியின் சுரங்க மரபையும் உடன் கொண்டுவந்தது. நீராவியால் நீரிறைப்பதில் உலகுக்கே ஆசானாக விளங்கிய பகுதி அது. அங்கிருந்து வந்த சுரங்கத் தலைவர்கள் நீராவி எந்திரத்தின் மூச்சைக் கேட்டே நோயறிந்தவர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளரின் உழைப்பு அந்த எந்திரங்களைச் சுற்றியும், அவற்றுக்குக் கீழே பாறையிலும் நடந்தது. எந்திரத்தின் தீனி விறகும் நிலக்கரியும். கோலார் வட்டாரம் மழைகுறைந்த மேட்டுநிலம். அதன் காடுகள் கொதிகலன்களின் பசிக்கு ஈடுகொடுக்கக் கூடியவை அல்ல. நிலக்கரியோ தொலைவிலிருந்து வந்தாக வேண்டும். 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு இருப்புப்பாதை கிளை இடப்பட்டபின் சரக்கு வருவது எளிதாயிற்று. ஆனால் தொலைவு தொலைவுதான். சுரங்கம் ஆழமாக ஆழமாக நீரிறைக்கவும், பாறை தூக்கவும், கீழே காற்றனுப்பவும் மேலும் மேலும் திறன் வேண்டியிருந்தது. மேலே அதே டன் பாறையை இடிக்க, கீழே ஆண்டுதோறும் கூடுதல் விறகு எரிந்தது.

ஆகவே "ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும்" என்ற கேள்விக்கு முதல் விடை எரிபொருளில் இருக்கிறது. எந்திரம் கெடவில்லை, அதன் தீனி கட்டுப்படியாகவில்லை. பழைய காரை மாற்றும் முடிவுகளிலும் இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவது முதன்மையானது. கருவி பழுதா, கருவி நம்பியிருக்கும் சூழல் பழுதா என்று பிரிக்காமல் எடுக்கும் முடிவு தற்செயலாகவே சரியாக அமையும்.

மைசூர் அரசின் கணக்கு வேறு. திவான் கு. சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை பதவியிலிருந்தவர். பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தங்கவயலிலிருந்து அரசுக்குக் கிடைத்தது பொன்னின் மீதான உரிமைத் தொகை. சுரங்கத்துக்குத் திறனை விற்கும் இடத்தில் அரசு அமர்ந்தால், பொன் கூடினாலும் குறைந்தாலும் வருவாய் வரும். காவிரியின் வீழ்ச்சி வெறுமனே பாறையில் மோதிக்கொண்டிருந்தது. கனடாவில் பிறந்த அரசப் பொறியியல் படை அலுவலர் ஜோலி டி லோட்பினியர் இத்திட்டத்தை ஏற்று, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று கருவியாளர்களோடு பேசினார். மின்கருவிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் நிறுவனத்தில் செய்யப்பட்டன. யானைகளும் மாட்டு வண்டிகளும் அவற்றை அருவிக்கு இழுத்துச் சென்றன. சேஷாத்ரி ஐயர் 1901 செப்டம்பரில் காலமானார். மின்சாரம் ஓடியதை அவர் பார்க்கவில்லை. முதற்கட்டத்தில் சுரங்கங்களுக்கு வாக்களிக்கப்பட்டது சுமார் 4,000 குதிரைத்திறன்.

சுரங்கப் பொறியாளர்கள் தயங்கியிருந்தால் அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. கொதிகலன் கண்முன் இருக்கிறது. நீர்மட்டம் தாழ்ந்தால் பார்ப்பவருக்குத் தெரியும். 92 மைல் கம்பியில் எந்த மரக்கிளை எங்கே விழுந்தது என்பது தெரியாது. ஆலையில் பாறை இடிக்கும் எந்திரம் ஒரு மணிநேரம் நின்றால் இழப்பு பணம். கிணற்றில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் கூண்டு நடுவழியில் நின்றால் இழப்பு அதுவன்று. நீரிறைக்கும் பொறி நின்றால் கீழ்த்தளங்களில் நீர் ஏறும். சுமையின் இயல்பும் இரண்டு விதம். ஆலையின் சுமை சீரானது. நாள் முழுதும் ஒரே வேகம். கூண்டு இழுக்கும் எந்திரமோ ஒவ்வொரு பயணத்திலும் புறப்பட வேண்டும், விரைய வேண்டும், நிற்க வேண்டும், திசை மாற வேண்டும். நீராவி அதை இயல்பாகவே செய்யும். தொடக்ககால மின்னோடிக்கு அது கடினமான வேலை. எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது என்ற கேள்வியே பொறியியலில் தவறான கேள்வி. எதை முதலில், எதைக் கடைசியில், எந்தப் பழைய கொதிகலனை எவ்வளவு காலம் அணையாமல் வைத்திருப்பது என்பவைதாம் கேள்விகள்.

மாற்றத்தின் ஆதாயம் ஐயத்துக்கு இடமில்லாதது. சிவசமுத்திரத்தின் மின்னாக்கிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் பெருக்கப்பட்டன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். காற்றைக் குளிர்வித்து அனுப்பாமல் மனிதர் வேலை செய்ய முடியாது. விறகை எரித்து இதைச் செய்திருக்க முடியும் என்று கற்பனை செய்வது கடினம். தங்கவயல் மின்சாரம் பெற்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே, 1905 ஆகஸ்டில், பெங்களூரின் தெருவில் மின்விளக்கு எரிந்தது. இதைத் தங்கவயலின் பெருமையாகச் சொல்வது வழக்கம். அதன் மறுபக்கத்தைச் சொல்வோர் குறைவு: கம்பி இழுக்கப்பட்டது எந்திரத்துக்காக, நகரங்களுக்கும் வீடுகளுக்குமான வெளிச்சம் பிறகு வந்தது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் அந்தக் கணக்கில் முதலில் வரவே இல்லை.

சார்பு எங்கே மாறியது என்பதை இப்போது பார்க்கலாம். விறகிலிருந்து விடுபட்ட சுரங்கம் ஆற்றோடு கட்டுண்டது. சிவசமுத்திரத்தில் அன்று பெரிய தேக்கம் எதுவும் இல்லை. ஆற்றில் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவே மின்சாரம். தென்மேற்குப் பருவக்காற்றில் காவிரி பெருகும், கோடையில் மெலியும். தங்கவயலின் பம்புக்கோ பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் ஒரே அளவு திறன் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட அரசுக்கு, ஆண்டு முழுவதும் ஒரே அளவு ஓடாத ஆறு போதவில்லை. தேக்கி வைத்துக் கோடையில் அளந்துவிட வேண்டிய தேவை இப்படித்தான் பிறந்தது. 1909இல் மைசூரின் தலைமைப் பொறியாளராக வந்த மோ. விசுவேசுவரய்யா கண்ணம்பாடியில் அணை கட்டும் திட்டத்தை முன்வைத்தபோது, பாசனத்தோடு தங்கவயலின் மின்தேவையும் அதன் முதன்மையான நியாயமாக நின்றது. 1911இல் பணி தொடங்கியது.

இந்த இடத்தில் கீழ்க்கரை நுழைகிறது. மேற்பகுதியில் புதிய தேக்கங்கள் கட்டுமுன் சென்னை மாகாணத்தின் இசைவு பெற வேண்டும் என்பது 1892 ஒப்பந்தத்தின் சாரம். தஞ்சைக் கழனிகளுக்குப் போகும் நீர் எப்போது, எவ்வளவு, யார் விருப்பப்படி வரும் என்ற அச்சம் சென்னையின் எதிர்ப்பில் இருந்தது. சிறிய அளவு தேக்கத்துக்கு மட்டும் முதலில் இசைவு கிடைத்தது. மைசூரோ பெரிய அணைக்கான அடித்தளத்தையே இட்டது. நடுவர் கிரிஃபின் 1914இல் வழங்கிய தீர்ப்பைச் சென்னை ஏற்கவில்லை. இழுபறிக்குப் பின் 1924 பிப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் 50 ஆண்டுகளுக்கான மறுஆய்வுக் காலத்தைக் குறித்தது. கண்ணம்பாடியில் சுமார் 44.8 டி.எம்.சி., மேட்டூரில் 93.5 டி.எம்.சி. என்ற இரு தேக்கங்களும் அதன் நிழலில் எழுந்தவை.

காவிரிப் பிணக்குக்குத் தங்கவயலே காரணம் என்று எழுதுவது மிகையாகும். பாசனப் பரப்பை விரிக்கும் விருப்பம் இரு கரைகளிலும் தனியாகவே இருந்தது. 1892 ஒப்பந்தம் மின்சாரத்துக்கு முந்தியது. ஆனால் கோடையிலும் குறையாத ஓட்டம் வேண்டும் என்ற இடைவிடாத தேவையை ஆற்றின் மேற்பகுதியில் முதன்முதலில் நிலைநிறுத்தியது ஒரு பொன்சுரங்கத்தின் எந்திர மாற்றம். அதற்கு முன் மைசூருக்குக் காவிரி பாசன ஆறு. பாசனம் பருவத்தோடு ஒத்துப்போகும், மின்னாக்கி ஒத்துப்போகாது. கொதிகலனின் புகை கோலாரின் வானத்தில் கரைந்து போயிற்று. அதனிடத்தில் வந்த சுமை பல மைல் கீழே, சுரங்கத்தின் பெயரைக்கூடக் கேட்டிராத உழவரின் மதகில் போய் இறங்கிற்று. புகைபோக்கி கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்கு நகர்ந்தது என்று இதைச் சொல்லலாம். எளிய கார்புரேட்டருக்குத் திரும்பும் கார்க்காரர் தம் பெட்ரோல் செலவையும் நேரத்தையும் கணக்கிடுகிறார். பின்னால் மிதிவண்டியில் வருபவரின் நுரையீரல் அக்கணக்கில் ஏறுவதில்லை. அளவு வேறு, கணக்கில் விடுபடும் ஆள் நிற்கும் இடம் ஒன்றே.

இடைக்காலக் கருவியின் துன்பமும் தங்கவயலுக்கு வந்தது. சிவசமுத்திரத்தின் மின்சாரம் வினாடிக்கு 25 சுற்று உடையது. அன்று அது அறிவார்ந்த தேர்வு. நயாகராவில் அதே அளவுதான். மெதுவாகச் சுழலும் பெரிய சுரங்க எந்திரங்களுக்குக் குறைந்த சுற்று பொருந்தும். பின்னாளில் நாடு 50 சுற்றைத் தரமாகக் கொண்டது. 25 சுற்றுக்காகச் செய்த மின்னோடி ஒன்றை அப்படியே 50 சுற்றில் இணைத்தால் அது இருமடங்கு வேகத்தில் சுழல முயலும்; நீரிறைக்கும் பொறியோ கூண்டு இழுக்கும் பொறியோ அதைத் தாங்காது. எனவே நடுவில் சுற்று மாற்றும் எந்திரங்கள் வேண்டும், அல்லது எல்லா மின்னோடிகளையும் களைய வேண்டும். முன்னோடியாக இருந்ததன் விலை இது. முதலில் மாறியவர் பிறகு வந்த தரத்துக்கு அயலாராகிவிடுகிறார். 1981இன் கணினிக் கார்புரேட்டரும் இப்படித்தான் அயலானது: பின்னாளில் எல்லாக் கார்களுக்கும் பொதுவாக வந்த பழுதறியும் முறைக்கு அது முந்தியது, அதன் குறிப்புகளைப் படிக்கும் கருவியும் பழக்கமும் அதனோடேயே மூப்படைந்தன.

அறிவு இடம்பெயர்ந்ததும் கவனிக்கத் தக்கது. நீராவிக் காலத்தில் எந்திரத்தைத் திருத்தும் அறிவு சுரங்கத்தின் வாயிலிலேயே இருந்தது; கோர்ன்வால் தலைவரிடமும், அவரருகில் நின்று பார்த்துக் கற்ற தமிழ்த் தொழிலாளரிடமும். மின்சாரத்தின் முதற்பாதி, அதாவது மின்னாக்கம், அரசின் மின்துறைக்கும் அமெரிக்க நிறுவனத்தின் வரைபடங்களுக்கும் போயிற்று. இரண்டாம் பாதியை, மின்னோடியும் கம்பிச்சுருளும் சுவிட்சும் சார்ந்த பாதியை, தங்கவயல் தனக்காகக் கற்றுக்கொண்டது. அவ்வகையில் 1902இன் முடிவு அறிவைப் பறித்தது என்று மட்டும் சொல்லக் கூடாது. ஓர் அறிவைப் பெற்றுக்கொண்டு இன்னோர் அறிவை விட்டுக்கொடுத்தது. திரும்பிச் செல்லும் வழி மட்டும் அடைபட்டது. கொதிகலன் துருப்பிடித்து, அதை மூட்டத் தெரிந்தவரும் மறைந்தபின், மின்சாரம் பிடிக்கவில்லை என்று எவரும் நீராவிக்குத் திரும்ப முடியாது. பழைய காரில் இந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. கழற்றிய கணினிக் கார்புரேட்டரையும் அதன் கம்பித் தொகுதியையும் எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வைப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, தங்கவயலுக்கு வாய்க்காத ஒன்றைக் காப்பாற்றி வைக்கிறார்.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசிடமும், 1962இல் மத்திய அரசிடமும் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டன. பம்புகள் நின்றன, மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கிய கிணறுகளில் நீர் ஏறியது. அந்தப் பம்புகளை ஓட்டுவதற்காகவும் கட்டப்பட்ட கண்ணம்பாடி அணையின் நீர்மட்டத்தை, ஒவ்வோர் ஜூன் மாதமும், தஞ்சைப் பகுதி உழவர் நாளிதழில் தேடிப் பார்க்கின்றனர்.